டிவிடி பாதியில் நின்றால் டிரைவைத்தான் மாற்ற வேண்டுமா?

"டிரைவ் போயிடுச்சு சார், புதுசு ஒண்ணு போட்டுடுங்க." டிவிடி எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர் இதைக் கேட்டால் என்ன செய்வார்? நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். புது டிரைவிலும் அதே இடத்தில் நின்றால், "டிஸ்க் சரியில்லை சார்" என்று அடுத்த பதில் தயாராக இருக்கும். ஐம்பது டிஸ்க் அடங்கிய டப்பா ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். இப்படி மாற்றி மாற்றிச் செலவு செய்வதற்கு முன்னால், காரணத்தை நாமே கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும், அதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை என்பது என் கருத்து.

இந்தக் காலத்தில் யார் டிவிடி எழுதுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். என் அலுவலகத்தில் யார் மேஜையிலும் டிவிடி டிரைவ் கிடையாது. ஆனால் சொந்த ஊரான நாட்றம்பள்ளிக்கு வந்தால் கதை வேறு. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கல்யாண டிவிடி இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழா, மகளின் மஞ்சள் நீராட்டு விழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பாட்டி வீட்டில் டிவியோடு பழைய டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. ஸ்கேன் எடுத்தால் சில இடங்களில் படத்தோடு ஒரு டிஸ்க்கும் தருகிறார்கள். தகராறு, விபத்து என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் கடை சிசிடிவி பதிவை டிஸ்க்கில் போட்டுக் கொண்டு வரச் சொல்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கும் குடும்பங்களில், மகனோ மகளோ காலேஜ் சேரும்போதுதான் பெரும்பாலும் முதல் லேப்டாப் வீட்டுக்கு வருகிறது. இப்போது வரும் லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பது அபூர்வம். எனவே யுஎஸ்பியில் மாட்டும் சிறிய டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்குகிறார்கள். வாங்கிய முதல் வாரமே பீரோவில் இருக்கும் டிஸ்க்கை எடுத்து, அக்கா வீட்டுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு ஒன்று என்று காப்பி போடப் பார்க்கிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கே நின்றது?

பிழைச் செய்தி வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் ஓகே பட்டனை அழுத்தி அதை மூடுவது. அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை சதவீதத்தில் நின்றது என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் வலி எங்கே என்று கேட்பது போன்றதுதான் இது. பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

எப்படி என்று புரிய, டிவிடி எழுதப்படும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதக்கூடிய டிவிடியின் உள்ளே மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி அடையாளங்களை உண்டாக்குகிறது. எழுத்து டிஸ்க்கின் உள்பக்கத்தில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள் போல வெளியே போகிறது. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்தான். சிடியில் இது 1.6 மைக்ரான். ஆகவே சிடி மன்னிக்கும் தூசியையும் கீறலையும் டிவிடி மன்னிக்காது.

எழுதத் தொடங்கும் முன் டிரைவ் ஒரு வேலை செய்கிறது. டிஸ்க்கின் உள் ஓரத்தில் இதற்கென ஒதுக்கிய சிறிய இடத்தில் லேசரைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி தேவை என்று முடிவு செய்கிறது. சமையலில் உப்புப் பார்ப்பது மாதிரி. இந்தச் சோதனையிலேயே தோற்றால், நீரோ போன்ற சாப்ட்வேர்களில் 'பவர் கேலிபரேஷன் எரர்' என்று செய்தி வரும். பூஜ்யம் சதவீதத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றால் சந்தேகம் இரண்டு பேர் மீது. ஒன்று டிஸ்க், மற்றொன்று லேசர். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது எழுதினால் டிரைவ் நல்லதுதான். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் பூஜ்யத்திலேயே நின்றால் லேசர் களைத்துவிட்டது அல்லது லென்ஸில் தூசி படிந்துவிட்டது என்று கொள்ளலாம். கடைக்காரர் சொன்ன பதில் இந்த ஓர் இடத்தில் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

"சிடி நல்லா படிக்குது, அப்புறம் எப்படி டிரைவ் போகும்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். டிவிடி டிரைவில் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர் தனியாக இருக்கிறது. ஒன்று நன்றாக இருப்பது மற்றதற்கு சாட்சி ஆகாது.

பாதியில், அதாவது 40, 60, 70 சதவீதத்தில் நிற்பதுதான் நான் அதிகம் பார்த்தது. இங்கே டிரைவும் டிஸ்க்கும் பெரும்பாலும் நிரபராதிகள். எங்கள் தெருவில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர் ஆறு டிஸ்க்கை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, ஆறும் டூப்ளிகேட்டா பாருப்பா. எல்லாமே எழுபதுகிட்ட போய் நின்னுடுது" என்றார். போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி ஹப். அந்த ஹப்பில் மவுஸ், சார்ஜ் ஏறும் செல்போன், அதன் பக்கத்தில் டிவிடி டிரைவ். ஹப்பைக் கழற்றி, டிரைவை நேராக லேப்டாப்பின் நீல நிற போர்ட்டில் மாட்டச் சொன்னேன். ஏழாவது டிஸ்க் முழுதாக எழுதி முடிந்தது.

காரணம் எளியது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரவேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் 900 மில்லி ஆம்பியர். டிவிடி டிரைவ் எழுதும்போது சில நொடிகள் 1 ஆம்பியரைக்கூடத் தொடும். சிறிய டிரைவ்கள் உள்பக்கம் மெதுவாகவும், வெளியே போகப் போக வேகத்தைக் கூட்டியும் எழுதுகின்றன. வேகம் கூடும் இடத்தில் மின்சாரம் அதிகம் தேவைப்படும். ஹப்பில் இருப்பதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டால் டிரைவ் அந்த இடத்தில் மூச்சு திணறி நிற்கும். சில டிரைவ்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் வருவது இதற்காகத்தான். இரண்டையும் மாட்ட வேண்டும். இரண்டாவது தலை எதற்கு என்று தெரியாமல் அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் கணக்கில் நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேண்டாம்.

மின்சாரம் சரியாக இருந்தும் பாதியில் நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வேகம். டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு சுமார் 1.385 எம்பி. 8 எக்ஸ் வேகத்தில் எழுத நொடிக்கு 11 எம்பி இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதும் வீடியோ பழைய பென் டிரைவில் இருந்தால், அல்லது பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வரத்து தடைபடும். இப்போதைய டிரைவ்கள் தடை வந்தால் சற்று நிறுத்தி மீண்டும் தொடரும் திறன் கொண்டவைதான். ஆனாலும் அடிக்கடி நின்று நின்று எழுதிய டிஸ்க்கை நான் நம்ப மாட்டேன். எழுத வேண்டிய பைல்களை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டருக்குக் காப்பி செய்திடுங்கள். பென் டிரைவில் ஏதாவது பைல் கெட்டிருந்தால் இந்தக் காப்பியிலேயே தெரிந்துவிடும். பாவம், பழியை டிவிடி சுமக்க வேண்டியதில்லை.

பிறகு எழுதும் வேகத்தை 'மேக்ஸ்' என்று விடாமல் குறைத்து வையுங்கள். யுஎஸ்பி டிரைவில் 4 எக்ஸ் என் தேர்வு. 10 நிமிடத்தில் முடிவது 15 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். குறைத்தால் நல்லது என்றதும் சிலர் 2 எக்ஸ் வரை போய்விடுகிறார்கள். அது தேவையில்லை. 16 எக்ஸ் என்று அச்சிட்ட டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்காகவே தயாரிக்கப்பட்டது. மிக மெதுவாக எழுதினால் சில சமயம் தரம் குறையும். டெஸ்க்டாப்பில் உள்ளே பொருத்திய பெரிய டிரைவ் என்றால் 8 எக்ஸ் போதும்.

கடைசியில், 98 அல்லது 99 சதவீதத்தில் வந்து நின்றால் எழுத்து முடிந்து, டிஸ்க்கை மூடும் வேலை நடக்கவில்லை என்று பொருள். உள்ளே விவரம் இருக்கும். ஆனால் சாதாரண பிளேயர் அதை வெற்று டிஸ்க் என்றே சொல்லும். அதைத் தூக்கி எறிவதற்கு முன், எழுதிய அதே டிரைவில் போட்டு, சாப்ட்வேரில் 'குளோஸ் டிஸ்க்' அல்லது 'பைனலைஸ்' என்ற கட்டளை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் டிஸ்க் பிழைக்கும்.

பிழையே இல்லாத பிழைகள்

டிரைவும் சரி, டிஸ்க்கும் சரி, கம்ப்யூட்டர் 'வெற்றி' என்கிறது, ஆனால் பாட்டி வீட்டுப் பிளேயரில் படம் வரவில்லை. புதியவர்களுக்கு இது பெரிய குழப்பம்.

வெற்று டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். யுஎஸ்பி பென் டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி டிவிடி பிளேயரில் பயன்படுத்தப் போகிறீர்களா என்று. முதலாவது ஏற்கெனவே தேர்வாகி இருப்பதால் பலரும் என்டர் தட்டிவிடுகிறார்கள். அப்படி எழுதிய டிஸ்க் இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கலாம், பழைய பிளேயரில் திறக்காது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அது மட்டும் போதுமா என்றால் போதாது. செல்போனில் எடுத்த வீடியோவை அப்படியே டிஸ்க்கில் போட்டால் அது பைல் இருக்கும் டிஸ்க், வீடியோ டிவிடி அல்ல. பழைய பிளேயர் எதிர்பார்ப்பது 'வீடியோ டிஎஸ்' என்ற போல்டரும், அதற்குள் 1 ஜிபி அளவுக்கு மிகாமல் நறுக்கிய விஓபி பைல்களும். நம் நாட்டு பால் முறையில் படம் 720க்கு 576 புள்ளிகள். இப்படி மாற்றித் தரும் விண்டோஸ் டிவிடி மேக்கர் என்ற வசதி விஸ்டாவிலும் விண்டோஸ் 7லும் இருந்தது. விண்டோஸ் 8ல் எடுத்துவிட்டார்கள். இப்போது டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் இந்த வேலையைச் செய்யும்.

அளவிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. டப்பாவில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். அது நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று எடுத்துக்கொண்ட கணக்கு. விண்டோஸ் கணக்கில் அதே டிஸ்க் 4.37 ஜிபிதான். ஆகவே 4.5 ஜிபி காட்டும் போல்டர் 4.7 ஜிபி டிஸ்க்கில் ஏறாது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கு இரண்டு விதம்.

டிஸ்க் எங்கிருந்து வருகிறது?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. 1983ல் தொடங்கிய மோசர்பேர் நிறுவனம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்தது. 2000களின் பிற்பகுதியில் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டு டிஸ்க்குகளோடு போட்டி போட்டது. தமிழ்ப் படங்களும் அதில் வந்தன. என் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடப் பருவத்தில் பெட்டிக்கடையில் தொங்கிய அந்த டிஸ்க்குகளை மறந்திருக்க மாட்டார்கள். பென் டிரைவும் மொபைல் இன்டர்நெட்டும் வந்தபின் வியாபாரம் படுத்தது. 2018ல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. ஜப்பானின் தாயோ யுடென், தரத்துக்குப் பெயர் பெற்றது, 2015ல் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. வெர்பாட்டிம் என்ற பெயர் 2019ல் தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் கைக்குப் போனது. சோனி தன் எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது.

இதனால் நமக்கு என்ன? கடை அலமாரியில் இருக்கும் டிஸ்க் எந்த வருடம் தயாரானது என்பது இப்போது முக்கியமாகிவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003ல் வெளியான கையேடு ஒன்று, எழுதாத வெற்று டிஸ்க்கின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள் என்று எச்சரிக்கையோடு மதிப்பிடுகிறது. வெற்று டிஸ்க்குக்கும் வயதாகும் என்பதே பலருக்குத் தெரியாது. "பழைய ஸ்டாக் சார், விலை கம்மி" என்று ஒருவர் கொடுத்தால், அது மோசர்பேர் காலத்து டிஸ்க்காக இருக்கலாம். நம் பக்கம் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. தகர ஷெட் கடையில் அத்தனை கோடை வெந்த சாயத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று ஐம்பது, நூறு என்று அள்ளாதீர்கள். ஐந்து வாங்குங்கள், எழுதிப் பாருங்கள். சரியாக வந்தால் அதே டப்பாவில் இருந்து மேலும் வாங்குங்கள். பெயரை மட்டும் நம்புவதிலும் பயன் இல்லை, ஒரே பெயரில் வேறு வேறு ஆலையில் தயாரான டிஸ்க்குகள் வருகின்றன. இம்ஜ்பர்ன் என்ற இலவச சாப்ட்வேர் டிஸ்க்கைப் போட்டதும் தயாரித்த ஆலையின் குறியீட்டைக் காட்டும். இதன் கடைசிப் பதிப்பு 2013ல் வந்தது என்றாலும் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. நிறுவும்போது கூடவே வேறு சாப்ட்வேர் எதையாவது சேர்க்கட்டுமா என்று கேட்டால் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

கூடவே அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் சோதனை டிஸ்க். சந்தேகம் வரும்போதெல்லாம் இதில் எழுதிப் பாருங்கள். இதில் சரியாக எழுதி மற்றதில் தோற்றால் முதல் சந்தேகம் டிஸ்க் மீதுதான். ஆறு டிஸ்க் வீணாவதற்கு ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க் மலிவு. மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு ரகம் இருப்பது பற்றிக் கவலை வேண்டாம். அது இரண்டு கம்பெனிக் கூட்டணிகளின் பழைய சண்டை. இப்போதைய டிரைவ்கள் இரண்டையும் எழுதும். மிகப் பழைய பிளேயருக்கு என்றால் மைனஸ் ஆர் வாங்குவது பாதுகாப்பு.

'வெற்றி' என்ற செய்தியை நம்பலாமா?

நம்பக் கூடாது. பிழைச் செய்தி கொடுத்து நிற்கும் டிஸ்க்கைவிட, வெற்றி என்று சொல்லி வெளியே வரும் அரைகுறை டிஸ்க்தான் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. முன்னதில் இருபது முப்பது ரூபாய் நஷ்டம். பின்னதை நம்பி, ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடுகிறோம். எழுதி முடிந்தது என்றால் லேசர் தன் வேலையை முடித்தது என்று மட்டுமே அர்த்தம். எழுதியது படிக்க வருகிறதா என்பதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. எழுதும் சாப்ட்வேரில் 'வெரிபை' என்ற கட்டத்தில் டிக் செய்திடுங்கள். எழுதும் நேரத்தோடு இன்னொரு பத்து நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் டிஸ்க்கை வேறு ஒரு டிரைவில், முடிந்தால் பிளேயரில், கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும், அடுத்தவருக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. ஏன் கடைசி ஐந்து நிமிடம்? வெளி ஓரத்தில்தான் கீறலும் விரல் அடையாளமும் சாயக் குறையும் அதிகம்.

மேலே சொன்ன அண்ணனுக்கு டிஸ்க் எழுத வந்ததும் வேறொரு விஷயம் வெளியே வந்தது. அவர் காப்பி எடுக்க நினைத்தது 2009ல் நடந்த தன் கல்யாண டிவிடியை. வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலை பார்த்த அவர் அப்பா, மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்திப் பேசிய காட்சி அதில் இருக்கிறது. அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அவர் குரல் வேறு எங்கேயும் பதிவாகவில்லை. ஸ்டூடியோக்காரர் தந்தது ஒரே டிஸ்க். அதன் மேல் மணமக்கள் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம் காய்ந்து எழும்பி இருந்தது. டிஸ்க்கின் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்று நான் சொன்ன 2003ம் ஆண்டுக் கையேடே சொல்கிறது. விண்டோஸில் காப்பி செய்தால் மூன்றாவது விஓபி பைலில் நின்று, "படிக்க முடியவில்லை" என்றது. "அப்பா பேசுற இடம் மட்டும் வந்தா போதும் தம்பி, மத்தது போனா போகட்டும்" என்றார்.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டிவிடி விவரங்களை 2 கேபி துண்டுகளாக வைத்து, 16 துண்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, பிழை திருத்தும் குறியீட்டோடு எழுதுகிறது. ஒரு கட்டு 32 கேபி. கீறலால் ஒரு கட்டு முழுதாகப் போனாலும், வீடியோவில் அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆனால் விண்டோஸின் காப்பி வசதி அந்த ஒரு கட்டுக்காக 1 ஜிபி பைல் முழுவதையும் முடியாது என்று கைவிடுகிறது. அதாவது அந்தப் பைலில் அழிந்தது மணல் அளவு, ஆனால் நம்மிடம் முழுதும் அழிந்ததாகச் சொல்கிறது. இந்த இடத்தில்தான் பலர் மனம் நொந்து டிஸ்க்கைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

போடாதீர்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிச் சென்று, மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. விண்டோஸில் ஐசோபஸ்டர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. நான் டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்தினேன். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று அது ஒரு வரைபடப் பைல் எழுதி வைக்கிறது. ஆகவே ஒரு டிரைவில் பாதி எடுத்துவிட்டு, மீதியை வேறு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும்.

முதலில் டிஸ்க்கைச் சுத்தம் செய்தோம். பழைய வேட்டித் துணி, நல்ல தண்ணீர். மையத்தில் இருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் துணியில் இருக்கும் ஒரு மணல், சுருள் போகும் வழியிலேயே நீளமாகக் கீறிவிடும். ஸ்டிக்கரைப் பிய்க்க அவர் கை போனது. தடுத்துவிட்டேன். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது. இழுக்கிற வேகத்தில் டிஸ்க் வளைந்தால் நடுவில் இருப்பதற்கு ஆபத்து. எழும்பிய ஓரத்தை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டோம்.

அவருடைய யுஎஸ்பி டிரைவ் பெரும் பகுதியைப் படித்தது. மிச்சத்தை என் பழைய லேப்டாப் டிரைவ் கொஞ்சம் எடுத்தது. அப்படியும் சில எம்பி மிச்சம். வாணியம்பாடியில் நண்பர் கடையில் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்று, யாரும் காசு கொடுத்து வாங்காத டிரைவ், இரவு முழுக்க ஓடி அதில் பெரும்பகுதியைப் படித்துக் கொடுத்தது. காலையில் வரைபடத்தில் மிச்சம் இருந்தது 1 எம்பிக்கும் குறைவு. விஎல்சியில் ஓட்டிப் பார்த்தோம். ஐயர் தாலி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் படம் ஒரு முறை கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. அப்பா பேசியது முழுதாக இருந்தது. அண்ணன் இரண்டாம் முறை பார்க்கவில்லை, பைலை அம்மாவின் போனுக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டார்.

இதற்குப் பிறகு அவர் அந்த வீடியோவை ஆறு டிஸ்க்கில் எழுதி ஆறு வீட்டுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுக்கட்டும், நல்ல காரியம். ஆனால் வீட்டில் எழுதிய டிவிடியை ஒரே பிரதியாக வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சாயம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் மங்கும், அதைப் படிக்கும் டிரைவ் கடையில் குறைந்துகொண்டே வருகிறது. மூலப் பைல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இருக்கட்டும். மூன்றாவதாக டிவிடி இருந்தால் வரவேற்பேன். அதில் ஒரு நன்மையும் உண்டு. ஒருமுறை எழுதி மூடிய டிஸ்க்கை வைரஸ் அழிக்காது, பேரன் தவறுதலாக டெலீட் செய்யவும் முடியாது. சிசிடிவி பதிவு கேட்கும் இடங்களில் இன்னும் டிஸ்க் கேட்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்படிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவுச் சான்றிதழில் பைலின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். டிஸ்க்கில் எழுதிய பைல் ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு ஒத்துப்போகாது. வெரிபை செய்யாமல் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பீரோவில் இருக்கும் டிஸ்க்குகளில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், ஸ்டிக்கர் ஒட்டியதையும், இரண்டாவது பிரதி இல்லாததையும் முதலில் எடுங்கள். கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்குகள் காத்திருக்கலாம், அவை சாயத்தில் எழுதியவை அல்ல, ஆலையில் அச்சு வார்த்தவை. புதிதாக எழுதும் டிஸ்க்கின் மேல் பால்பாயின்ட் பேனா வேண்டாம், சிடி மார்க்கரால், முடிந்தால் நடுவில் உள்ள தெளிவான வளையத்தில், தேதியும் எழுதிய வேகமும் குறியுங்கள். ஐந்து வருடம் கழித்து எந்த டப்பா டிஸ்க் நிலைத்தது, எது கைவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.